இருநூறு மெகாஹெர்ட்ஸை இருநூற்றைம்பது ஆக்கியபோது

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். காய்கறிக் கடையில் தராசைப் பார்ப்பதற்கு முன்னால் தராசைப் பிடித்திருக்கும் விரலைப் பார்ப்பேன். யாராவது என்னைப் பாராட்டினால், அவருக்கு என்னிடம் என்ன காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அன்றைக்கு முழுக்க யோசிப்பேன். இப்போது வயதாகிவிட்டதால் கொஞ்சம் குறைந்திருக்கிறது (குறைந்த மாதிரி நடிக்கிறேன் என்று மகள் சொல்கிறாள், அவள் எதற்காக அப்படிச் சொல்கிறாள் என்று தெரியவில்லை). ஆனால் இருபத்துமூன்று வயதில், ஓசூரில் வேலை பார்த்த நாட்களில், அந்த வியாதி முற்றிப்போயிருந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. நாகரசம்பட்டிப் பெண்ணான நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருந்தேன். பிளாஸ்டிக் சாமான்களை வார்த்தெடுக்கும் இரும்பு அச்சுகளைச் செய்து பெரிய தொழிற்சாலைகளுக்குக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. முதலாளி ரெட்டி சார். டிசைன் பிரிவில் இரண்டே பேர்: கம்ப்யூட்டரில் வரைய நான், டிராயிங் போர்டில் பென்சிலால் வரைய முனிரத்தினம் சார்.

முனிரத்தினம் சாருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். கெலமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மூன்றடுக்கு டிபன் பாக்ஸ், சட்டைப் பையில் நான்கு பென்சில், அதிகம் பேசாத வாய். அதிகம் பேசாதவர்களை நான் நம்புவதில்லை. (அதிகம் பேசுகிறவர்களையும் நம்புவதில்லை. ஆனால் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதாவது தெரிந்துவிடும்.)

எங்கள் கம்ப்யூட்டர் சாதாரணக் கம்ப்யூட்டர் அல்ல. முப்பரிமாணப் படம் வரைவதற்கென்றே ரெட்டி சார் வாங்கியது. தொழிற்பேட்டையில் எங்கள் தெருவிலேயே அப்படி இன்னொன்று கிடையாது. கம்பெனியிலிருந்த ஒரே ஏசி அறை அதற்குத்தான். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார்கள். நான் வந்தபோது அந்த அறையிலேயே இருந்த பழைய இரும்பு பீரோவில் முனிரத்தினம் சாரின் வரைபடங்கள் இருந்தன. அதனால் அவர் மட்டும் அவ்வப்போது உள்ளே வந்து போவார். மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று முதல் நாளே அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவரும் தலையாட்டினார். ரொம்பச் சுலபமாகத் தலையாட்டியதாக அப்போதே எனக்குப் பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தூறல். கரண்ட் மூன்று முறை போய்ப் போய் வந்தது. யூபிஎஸ் பேட்டரி செத்து ஒரு மாதமாகியிருந்தது. நாளைக்கு மாற்றிவிடலாம் என்று தினமும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்றாவது முறை கரண்ட் வந்தபோது பெட்டிக்குள்ளிருந்து அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே கருகல் வாடை.

அந்த நேரத்தில் எங்கள் கையில் ஒரு ஸ்கூட்டர் விளக்கு மூடியின் அச்சு வேலை இருந்தது. இரண்டு வாரத்தில் வரைபடம் கொடுத்தாக வேண்டும். மெஷினை விற்றவர்களிடம் போன் செய்தால், ஆள் வர மூன்று வாரமாகும் என்றார்கள். ரெட்டி சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதுதான் நான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"சார், நானே அசெம்பிள் பண்ணிடுறேன்."

கிருஷ்ணகிரியில் ஆறு மாதம் ஹார்டுவேர் கோர்ஸ் படித்திருந்தேன் என்பது உண்மை. அந்த ஆறு மாதத்தில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தது இரண்டே முறை, அதில் ஒரு முறை மூடுவதற்கு முன் மணி அடித்துவிட்டது என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் ரெட்டி சாரிடம் சொன்னேன்.

மறுநாள் என்னையும் ஸ்டோர் கீப்பர் கரீம் பாயையும் பெங்களூருக்கு அனுப்பினார்கள். எஸ்.பி. ரோடு முழுக்க எலக்ட்ரானிக்ஸ் கடை. பாய்க்குத் தெரிந்த மஞ்சுநாத் என்பவரின் கடைக்குப் போனோம். அவர் எங்கள் ஊர்ப் பக்கம் பெண்ணெடுத்தவர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அன்பாக வரவேற்று காபி சொன்னார். அன்பு எனக்குப் பிடிபடவில்லை. காபியை பாய் குடித்து ஐந்து நிமிஷம் கழித்து நான் குடித்தேன்.

ஹார்டு டிஸ்க் பிழைத்திருந்தது. மதர்போர்டு, பிராசசர், மெமரி, பவர் சப்ளை எல்லாம் புதிதாக வேண்டும். மஞ்சுநாத் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, இணைத்து, ஓட்டிக் காட்டினார். இருநூறு மெகாஹெர்ட்ஸ் என்று திரையில் வந்தது. அப்புறம் கழற்றிப் பொட்டலம் கட்டக் கையை நீட்டினார். எனக்குள் மணி அடித்தது. ஓட்டிக் காட்டிய பிராசசர் ஒன்று, பொட்டலத்தில் போகிற பிராசசர் வேறொன்று என்றால் ஓசூர் போய் யாரிடம் அழுவது?

"ஒரு நிமிஷம் இருங்க" என்று கைப்பையிலிருந்து நோட்டுப் புத்தகத்துக்கு ஒட்டும் பேப்பர் லேபிள் அட்டையை எடுத்தேன். ஒவ்வொரு சாமானிலும் ஒரு லேபிளை ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். பிராசசருக்கு அடியில் ஊசி ஊசியாகக் கால்கள் இருந்ததால் அதன் தலையில் ஒட்டினேன். மஞ்சுநாத் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன்.

அவர் பாயைப் பார்த்தார். பாய் தெருவைப் பார்த்தார். கிளம்பும்போது மஞ்சுநாத் ஒரு சின்னக் குழாயில் வெள்ளைப் பசையைக் கொடுத்து, பிராசசருக்கும் அதன் மேல் உட்காரும் அலுமினியக் கட்டைக்கும் நடுவில் தடவிக்கொள்ளுங்கள், இதற்குக் காசு வேண்டாம் என்றார். இலவசமாக ஒருவர் எதையாவது தருகிறார் என்றால் அது காலாவதியானது அல்லது கெடுதலானது. ஓசூர் வந்ததும் அதை ஸ்டோரில் கிரீஸ் டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

திரும்பும் வழியில் எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அதிகாரி ஒருவர் எங்கள் பையைத் திறந்து பில்லைப் பார்த்தார், சரியாக இருந்தது. அப்புறம் சாமான்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரே கையெழுத்து. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். இது யார் கையெழுத்து, எதற்குப் போட்டது என்று கேட்டார். என்னுடையதுதான், மாற்றிவிடக் கூடாது என்று போட்டேன் என்றேன்.

"யாரும்மா மாத்துவாங்க?"

"யாரு வேணும்னாலும் மாத்துவாங்க சார்."

அதைச் சொன்னபோது நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் பாய் பிற்பாடு சொன்னார். எங்கள் பஸ் போய்விட்டது. அடுத்தடுத்து நான்கு பஸ்கள் போயின. அதிகாரி ஒவ்வொரு சாமானையும் பில்லோடு ஒத்துப் பார்த்தார். அவர் மாற்றிவிடுகிறாரா என்று நான் ஒத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பாமல் இரண்டு மணி நேரம் உழைத்தோம். கடைசியில் பாய் தன் பக்குவமான குரலில், பொண்ணு நல்ல பொண்ணுதான் சார், குணம் மட்டும் இப்படி என்று சொல்லி விடுவித்தார்.

வியாழக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு மெஷினைப் பொருத்த உட்கார்ந்தேன். யாரையும் உள்ளே விடவில்லை. போர்டை வைத்தேன், பிராசசரைச் சொருகினேன், அதன் மேல் அலுமினியக் கட்டையையும் விசிறியையும் வைத்துக் கம்பியை இழுத்து மாட்டினேன். சுவிட்சைத் தட்டினேன். ஓடியது. அந்தக் கணத்தில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. அவ்வளவு நன்றாக ஓடியது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் படித்திருந்தேன். மதர்போர்டில் தீக்குச்சித் தலை அளவுக்குக் கறுப்புத் தொப்பிகள் இருக்கும், ஜம்பர் என்பார்கள். அதில் ஒன்றை இடம் மாற்றிப் போட்டால், இருநூறு மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய பிராசசர் இருநூற்றைம்பதில் ஓடும். அதாவது நாம் அதனிடம் ஒரு பொய் சொல்கிறோம், அது நம்பிவிடுகிறது. உலகத்தில் யாரையும் நம்பாத நான், என்னை நம்புகிற ஒன்றைக் கண்டதும் ஏமாற்றிவிட்டேன். மாற்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மதியம் ரெட்டி சார் வந்து பார்த்தார். முன்பு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்ட படம் நான்கு நிமிஷத்தில் வந்தது. "பரவாயில்லையே, பழசவிட இது நல்லா ஓடுதே" என்றார். அது என் கைவண்ணம் என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். பீரோவில் எதையோ தேடிக்கொண்டிருந்த முனிரத்தினம் சாரும் திரும்பிப் பார்த்து, வேகமாத்தான் இருக்குது என்றார். அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, விளக்கு மூடியின் வளைவுகளைக் கணக்குப் போடும் பெரிய வேலையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். இருபது நிமிஷம் கழித்து வந்தால் திரை அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டேன், ஓடியது. மதியம் அதே வேலையை மறுபடி கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்தால் மறுபடி உறைந்திருந்தது. சனிக்கிழமையும் இரண்டு முறை. நான் எதிரில் உட்கார்ந்து கோடு கோடாக வரையும்வரை சமர்த்தாக இருந்தது. நான் எழுந்து போனால் நின்றது.

கடும் வேலை செய்யும்போதுதான் பிராசசர் சூடாகும், கடும் வேலையைக் கொடுத்துவிட்டுத்தான் நான் எழுந்து போகிறேன் என்ற எளிய விஷயம் ஆறு மாத கோர்ஸ் படித்த என் மண்டையில் ஏறவில்லை. ஏறியது வேறு விஷயம். நான் இல்லாத நேரத்தில் அந்த அறைக்குள் போய் வருகிறவர் ஒரே ஒருவர். அவர் பென்சிலால் வரைகிறவர். கம்ப்யூட்டர் நன்றாக ஓடினால் அவருடைய பென்சிலுக்கு வேலை இருக்காது. வக்கீல்கூட இல்லாமலே கேஸ் ஜெயித்துவிடும்.

திங்கட்கிழமை நன்றாக வேலை செய்தேன். அதாவது வரைபட வேலை இல்லை, துப்பறியும் வேலை. அவருடைய பீரோவின் கைப்பிடியில் என் தலைமுடி ஒன்றைக் கட்டி வைத்தேன். அவர் அறைக்குள் எத்தனை முறை போனார், எத்தனை நிமிஷம் இருந்தார் என்று டிராயிங் தாளின் பின்புறத்தில் குறித்தேன். கரீம் பாயிடம் ரகசியமாக, முனிரத்தினம் சார் எப்படிப்பட்டவர் என்று விசாரித்தேன். பதினெட்டு வருஷமா ஒரே பென்சில் பிராண்டு வாங்குறவரு, அவரப் பத்தி வேற என்ன சொல்றது என்றார் பாய். பாயும் கூட்டோ என்று அன்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை டீக்குப் போகும் முன், கைப்பையிலிருந்த முகப் பவுடரை கீபோர்டு மேலும் மேஜை விளிம்பு மேலும் மெல்லத் தூவினேன். கொஞ்சம் பெட்டியின் மேலும் விழுந்தது. திரும்பி வந்தேன். திரை உறைந்திருந்தது. முனிரத்தினம் சார் தன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது உள்ளங்கை வெள்ளையாக இருந்தது.

மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் நுழைய முடியும், நுழைகிற எவரும் மேஜை விளிம்பில் கையூன்றியாக வேண்டும் என்பதை நான் நினைக்கவில்லை. கீபோர்டு மேலிருந்த பவுடர் கோலம் கலையாமல் அப்படியே இருந்ததையும் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஆள்தான் கிடைத்துவிட்டாரே.

நேராக ரெட்டி சாரிடம் போனேன். அந்த நேரத்தில் அவர் முன்னால் விளக்கு மூடி கேட்ட தொழிற்சாலையிலிருந்து வந்த இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. சாட்சி இருந்தால் நல்லதுதானே. மெஷினில் யாரோ கை வைக்கிறார்கள், என்னிடம் ஆதாரம் இருக்கிறது என்றேன். முனிரத்தினம் சாரைக் கூப்பிட்டு உள்ளங்கையைக் காட்டச் சொன்னார்கள். ஒரு பள்ளிக்கூடப் பையனைப்போல் அவர் கையை விரித்துக் காட்டினார். தலைமுடிக் கதையையும், நிமிஷக் கணக்கையும் நான் வாசித்தேன். அந்த இன்ஜினியர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அந்தப் பொட்டிய நான் தொட்டதே இல்லீங்க சார்" என்றார் முனிரத்தினம் சார். "தொட்டா ஷாக் அடிக்கும்னு இந்தப் பாப்பாதான் சொல்லிச்சு."

ரெட்டி சாருக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி. வந்தவர் முன்னால் பேச்சை வளர்க்க விரும்பாமல், இந்த வேலை முடியும்வரை கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். முனிரத்தினம் சார் தன் டிராயிங் போர்டை ஈரத்துணியால் துடைத்தார். பென்சில்களைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். கேட்டைத் தாண்டும்போது வாட்ச்மேனிடம் போய்ட்டு வரேன் என்றது என் காதில் விழுந்தது. நான் வெற்றி பெற்றவள்போல் அதே பெரிய வேலையை ஓடவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பூட்டைத் திறந்தேன். திரை உறைந்திருந்தது.

புத்தியுள்ளவளாக இருந்தால் அந்த இடத்திலேயே முனிரத்தினம் சார் பின்னால் ஓடியிருப்பேன். நான் என்ன நினைத்தேன் என்றால், போவதற்கு முன் ஏதோ செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். புதன்கிழமை மூன்று முறை நின்றது. வியாழக்கிழமை காலை சுவிட்சைத் தட்டினால் விசிறி சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. உடனே மஞ்சுநாத் மேல் சந்தேகத்தைத் திருப்பினேன். போன் போட்டு, நீங்கள் கொடுத்தது டூப்ளிகேட் சரக்கு என்றேன். நாளைக்கு நானே வருகிறேன் என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். ரெட்டி சார், கரீம் பாய், நான் மூன்று பேரும் சுற்றி நின்றோம். அவர் மூடியைக் கழற்றி மூக்கைச் சுருக்கினார்.

"ஏன் மேடம், உள்ள எல்லாம் பவுடர் வாசனை?"

நான் ஏசியைப் பார்த்தேன். அவர் விசிறியைக் கழற்றினார். அலுமினியக் கட்டையை நெம்பினார். அது பிராசசரோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பிரிந்து வந்தது. நடுவில், தோசைக்கல்லில் மறந்துவிட்ட தோசையைப்போல் பழுப்பேறி, ஓரம் சுருண்டு ஒரு பேப்பர். அதில் தேதி. அதற்குக் கீழே, நன்றாகப் படிக்கும்படி, ஜெயந்தி.

பிராசசரின் சூடு நேராக அந்தக் கட்டைக்குப் போக வேண்டும், நடுவில் மயிரிழை இடைவெளிகூட இருக்கக் கூடாது, அதற்குத்தான் அந்தப் பசை என்று மஞ்சுநாத் ரெட்டி சாருக்குப் பொறுமையாக விளக்கினார். கடையிலேயே சொல்ல வந்தேன், மேடம் சும்மா இருக்கச் சொன்னார்கள் என்றார். அப்புறம் குனிந்து போர்டைப் பார்த்தவர் நிமிர்ந்து, இந்த ஜம்பரை மாற்றிப் போட்டது யார், இது இருநூற்றைம்பதில் ஓடிக்கொண்டிருக்கிறது, போதாக்குறைக்குத் தலையில் போர்வை வேறு என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேகமாக ஓடட்டும் என்று செய்தேன் என்றேன். என் குரல் எனக்கே பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது.

"ஸ்பீடு வேணும்னு உன்ன யாரு கேட்டா?" என்றார் ரெட்டி சார்.

பிராசசர் சாகவில்லை. மஞ்சுநாத் துடைத்து, பாய் ஸ்டோரிலிருந்து எடுத்து வந்த பசையைத் தடவி, ஜம்பரைப் பழைய இடத்தில் போட்டார். இருநூறு மெகாஹெர்ட்ஸில் ஒரு முனகலும் இல்லாமல் ஓடியது. போகும்போது என்னிடம் கையை நீட்டி, "கையெழுத்து சென்னாகிதெ மேடம்" என்று, கையெழுத்து நன்றாக இருப்பதாகக் கன்னடத்தில் பாராட்டினார். முதன்முறையாக ஒரு பாராட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ரெட்டி சார் திட்டவில்லை. கைவிட்டுப்போன நாட்களை ஈடுகட்ட வேண்டுமென்றால் அச்சின் உள்பக்கத்தைக் காட்டும் வெட்டுத் தோற்றங்களைக் கையால் வரைந்தாக வேண்டும், அதற்கு முனிரத்தினம் வேண்டும், நீயே போய்க் கூப்பிட்டுக்கொண்டு வா என்று மட்டும் சொன்னார். மதியப் பஸ்ஸில் ஆப்பிளும் மிக்சரும் வாங்கிக்கொண்டு கெலமங்கலம் போனேன். வழியெல்லாம் மன்னிப்பு வசனத்தை மனப்பாடம் செய்தேன். அழுகை வந்தால் எங்கே நிறுத்துவது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினேன். முனிரத்தினம் சாரின் மனைவி ராஜம்மா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், தெலுங்கு மணக்கும் தமிழ். யாரென்று கேட்டார். கம்பெனியில் சாரோடு வேலை செய்கிற ஜெயந்தி என்றேன். அவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லையே, ஆறு மணி பஸ்ஸில்தான் வருவார் என்றார்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

"சார்தான் மூணு நாளா வேலைக்கு வரலீங்களே அக்கா" என்றேன்.

ராஜம்மாவின் கை கதவு நிலையில் நின்றது. தினமும் எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போகிறாரே என்றார் மெதுவாக. எனக்கு அப்போதுதான் விளங்கியது, வீட்டில் அவர் எதையும் சொல்லவில்லை என்று. விளங்கியதும் நிலைமையைச் சரிசெய்ய அவசர அவசரமாக வாயைத் திறந்தேன்.

"அவரு மேல தப்பே இல்ல அக்கா. எல்லாம் என்னாலதான். நான் அப்படி நடந்திருக்கக் கூடாது. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

ராஜம்மா என் கையிலிருந்த ஆப்பிளைப் பார்த்தார். என் முகத்திலிருந்த பவுடரைப் பார்த்தார். மறுபடி ஆப்பிளைப் பார்த்தார். மனப்பாடம் செய்த அழுகை சரியாக அந்த நேரத்தில் வந்து தொலைத்தது. பக்கத்து வீட்டில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா வேலையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்து நின்றார். உள்ளே வந்து உட்காரும்மா என்று ராஜம்மா சொன்ன குரலில், நான் ஓடிவிடக் கூடாது என்ற கவலை இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, சந்தேகப்படுகிறவள் பக்கத்திலிருந்து எழுந்து சந்தேகிக்கப்படுகிறவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அது முள் நாற்காலி. நான் எதைச் சொன்னாலும் அது வேறு அர்த்தம் எடுத்தது. கம்ப்யூட்டர் சூடாகிவிட்டது என்றேன். கம்ப்யூட்டருக்கு என்னம்மா என்று பக்கத்து வீட்டம்மா பரிவோடு கேட்டார்.

ஆறு மணிக்கு முனிரத்தினம் சார் வந்தார். காலி டிபன் பாக்ஸ், பையில் நான்கு பென்சில். கூடத்தில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. அது வேறு நிலைமையை மோசமாக்கியது.

"சோறு எங்க தின்னீங்க?" என்று கேட்டார் ராஜம்மா.

"கொட்டாயில."

"எந்தக் கொட்டாயி?"

"சினிமாக் கொட்டாயி" என்றார் அவர். வேறு எங்கே போவது என்று தெரியவில்லையாம். வீட்டில் சொன்னால் மனசு கஷ்டப்படுமென்று தினமும் ஓசூருக்கே வந்து, பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, காலைக் காட்சியும் மதியக் காட்சியும் பார்த்துவிட்டு, சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். மூன்று நாளும் ஒரே படம். பதினெட்டு வருஷ வேலையில் அவர் சொன்ன முதல் பொய்யை அவரால் ஒரு புதுப் படத்துக்குக்கூட மாற்றத் தெரியவில்லை.

அப்புறம்தான் நான் முழுக் கதையையும் சொன்னேன், லேபிள் ஒட்டியதிலிருந்து. தலைமுடி, பவுடர், உள்ளங்கை எதையும் விடவில்லை. பவுடர் இடம் வந்தபோது என் குரல் இறங்கிவிட்டது. அந்தக் கை விரித்து நின்ற நிலை அப்போதுதான் எனக்கே கண்ணில் தெரிந்தது. இந்த முறை வந்த அழுகை மனப்பாடம் செய்ததல்ல.

ராஜம்மா கடைசிவரை கேட்டார். இவருக்கு வீட்டில் ஸ்டவ் பற்றவைக்கத் தெரியாது, இவர் போய்க் கம்ப்யூட்டரைக் கெடுத்தாராமா என்று பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்துச் சொன்னார். என் விவகாரம் அவ்வளவுதான், அத்தோடு தீர்ந்தது. பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் தன்னை எத்தனை படத்துக்குக் கூட்டிப்போனார் என்று விரல்விட்டு எண்ணினார். இரண்டு விரலோடு எண்ணிக்கை முடிந்துவிட்டது. மூணு நாளில் ஆறு ஆட்டம், அதுவும் தனியாக, தான் கட்டிக் கொடுத்த சோற்றைத் தின்றுகொண்டு. அன்றைக்கு அந்த வீட்டில் நடந்ததற்குக் கம்பெனியில் நடந்தது ஒன்றுமே இல்லை. நான் ஆப்பிளை ஒரு ஓரமாக வைத்துவிட்டு மெல்ல எழுந்தேன்.

வாசல்வரை வந்த முனிரத்தினம் சார், "வேலைக்கு வர்றேன் பாப்பா" என்றார். கொஞ்சம் நின்று, தாழ்ந்த குரலில், "ஆனா நீ இங்க வராம இருந்திருக்கலாம்" என்றார்.

மறுநாள் வந்தார். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து வரைந்தோம். ஒரு நாள் தாமதமாக வரைபடம் போய்ச் சேர்ந்தது. அவருடைய வெட்டுத் தோற்றங்களில் ஒரு கோட்டைக்கூட அந்த இன்ஜினியர் திருத்தவில்லை. என்னுடையதில் மூன்று இடத்தில் திருத்தினார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி முனிரத்தினம் சார் அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பேசவில்லை. அந்தப் பேசாமையை நான் சந்தேகப்படவில்லை, வெட்கப்பட்டேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கிருஷ்ணகிரியில் எனக்குக் கல்யாணம். முனிரத்தினம் சாரும் ராஜம்மாவும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் ராஜம்மா நேராக என் மாமியாரிடம் போய், பொண்ணோடு வேலை பார்க்கிறவரின் சம்சாரம் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பொண்ணு எப்படி என்று மாமியார் சம்பிரதாயத்துக்குக் கேட்டிருக்கிறார்.

"நல்ல பொண்ணும்மா" என்றாராம் ராஜம்மா. "தப்பு கிப்பு பண்ணினாலும் தாங்கிக்கலாம். மன்னிப்பு மட்டும் கேக்க விட்டுடாதீங்க."

மாமியார் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வீட்டில் பாலைப் பொங்கவிட்டிருக்கிறேன், சாவியைத் தொலைத்திருக்கிறேன், நாத்தனாரின் பட்டுப்புடவையில் இஸ்திரிப் பெட்டியை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நான் முகத்தைச் சுருக்கிக்கொண்டு வாயைத் திறந்தால் போதும், கூடத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் பதறிக் கையை உயர்த்துவார்கள். போன வாரம் காரைப் பின்னால் எடுக்கும்போது கேட்டில் இடித்துவிட்டு இறங்கி வந்தேன். என் வீட்டுக்காரர் வளைந்துபோன கேட்டைப் பார்த்தார், அழத் தயாரான என் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம் ஜெயந்தி" என்றார். "தப்போட நிறுத்திக்க."